பெயரும் வினைமுற்றும்: வாடாமல்லி, நான் வித்யா, வெள்ளை மொழி – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தமிழில் ஒருவரைப் பற்றிப் படர்க்கையில் ஒரு தொடர் எழுதத் தொடங்கும்போதே அவர் எப்பாலினர் என்பதை எழுதுபவர் முடிவு செய்துவிட வேண்டியுள்ளது. எழுவாய் பால் காட்டாமல் நின்றாலும் வினைமுற்று காட்டிவிடும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். உயர்வு கருதி ‘வந்தார்’ என்று எழுதினால் மட்டுமே அத்தேர்வைத் தள்ளிப்போட இயலும். தன்மையிடத்தில் இந்நெருக்கடி இல்லை. ‘நான் வந்தேன்’ என்பவர் தம் பாலைச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விலக்கண உண்மை சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் திருநங்கையர் பற்றிய தமிழ் எழுத்து, புனைவிலிருந்து தன்வரலாற்றுக்கு நகர்ந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள இதுவே தக்க திறவுகோல் என இக்கட்டுரை கருதுகிறது.

சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994), லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ (2007), ஏ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) ஆகிய மூன்று நூல்கள் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பிறர் சொல்லக் கேட்ட வாழ்வும் தாமே சொல்லும் வாழ்வும் எவ்விடத்தில் வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டைத் தமிழ்த் திறனாய்வு எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

இலக்கண மரபு கூறுவது

இப்பொருள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவர். அம்மரபு தவறன்று, ஆனால் அங்குக் கூறப்பட்டிருப்பது யாது என்பதை நுணுகிக் காணாமல், ‘நம் முன்னோரும் இவர்களை அறிந்திருந்தனர்’ என்னும் பெருமிதத்தோடு நின்றுவிடுவது போதாது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இருமுறை இதனைத் தொடுகிறார். ஆண்மை திரிந்த பெயர்களைத் தெய்வப் பெயர்களோடு ஒருங்கு வைத்து, அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணை ஈறுகளைக் கொண்டே பால் உணர்த்தும் என்றும் முதலில் கூறுகிறார். பின்னர் வேறொரு நூற்பாவில் அத்தகைய பெயர்கள் ஆண்பால் உணர்த்தும் ஈற்றைக் கொள்ளா என விலக்குகிறார். ஆணாகப் பிறந்து பெண்மை எய்தியவரை ‘வந்தான்’ என்று சொல்லுதல் வழு என்பது இதன் பொருளாகும். இக்கால ஊடகங்கள் பலகாலம் செய்துவந்த பிழையைத் தொல்காப்பியம் இலக்கண வழுவாகவே கண்டுள்ளது என்பது சிந்திக்கத்தக்கது.

நன்னூல் இதனினும் விரிவாகப் பேசுகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்றும் பவணந்தியார் வகுக்கிறார். இங்கு அளவுகோலாக அமைவது உடலன்று, விருப்பம். திருநம்பியர்க்கும் இடமளித்தவர் என்னும் முறையில் பவணந்தியார் தொல்காப்பியரைக் கடந்து செல்கிறார். ஆயின் அதே நூற்பாவின் இறுதிப் பகுதி, இவ்விரு சாராரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என்று கூறி முடிகிறது. ‘பேடு வந்தது’ என்பது போன்ற வழக்குக்கு இதனால் வாயில் திறக்கப்படுகிறது. தொல்காப்பியர் உயர்திணை எனத் திட்டமாக வரையறுத்த இடத்தில் நன்னூலார் ஒரு தளர்வை அனுமதிக்கிறார். இலக்கணம் வழக்கைப் பின்பற்றுவது என்று கொண்டால், இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சமூக வழக்கு எத்திசையில் சென்றது என்பதற்கு இது ஒரு சான்றாகலாம்.

காப்பியங்களில் காணும் இடம் வேறு வகையினது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடும் ஒன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், தெருவில் பேட்டுக் கோலத்து ஆடலைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம் ஒன்று காட்டப்படுகிறது. பித்தனின் பின்னே செல்லும் கூட்டமும் அதே காதையில் இடம்பெறுகிறது. பேடிக் கோலம் காட்சிப் பொருளாகவும், காண்போர் ஊராராகவும் அமையும் இவ்வமைப்பு நெடுங்காலம் மாறவில்லை. இலக்கணத்தில் கிடைத்த உயர்திணைத் தகுதி தெருவில் கிடைக்கவில்லை என்பதே மரபு தரும் முழுச் செய்தி. அதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவது ஆய்வு நேர்மைக்குப் பொருந்தாது.

வாடாமல்லி: பரிவின் சாதனையும் எல்லையும்

தற்காலப் புனைவில் கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதை முன்னோடியாகக் குறிக்கப்படுவது. நாவல் அளவில் இவ்வாழ்வை மையப் பொருளாக்கியது சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’. கிராமத்தில் பிறந்து பொறியியல் கல்லூரிக்குச் சென்ற சுயம்பு என்னும் இளைஞர், தம்முள் இருக்கும் பெண்மையை உணர்ந்து, குடும்பத்தாலும் கல்லூரியாலும் விலக்கப்பட்டு, சென்னை, டெல்லி எனப் பெயர்ந்து சென்று தம்மொத்தவரோடு வாழ்வதே கதை. ஆனந்த விகடனில் தொடராக வந்தமையால், இப்பொருளை அதுவரை நகைச்சுவைத் துணுக்குகளில் மட்டுமே கண்டிருந்த பெருந்திரளான வாசகரிடம் இது சென்று சேர்ந்தது. அவ்வகையில் இந்நாவலின் வரலாற்று இடம் உறுதியானது.

தலைப்பே நாவலின் கருத்தை உணர்த்திவிடுகிறது. வாடாமல்லி வாடாது, ஆயின் மணமும் இல்லை. பரிவும் குறைநோக்கும் ஒரே உருவகத்தில் இணைந்துள்ளன. பூவுக்கு மணம் வேண்டும் என எதிர்பார்ப்பவர்க்கே மணமின்மை குறையாகத் தெரியும். அது போலவே, பெண்மை என்பதற்குத் தாம் முன்னரே வகுத்துக்கொண்ட வரையறையை வைத்திருப்பவர்க்கே இவ்வாழ்வு குறையுடையதாகத் தோன்றும். நாவலாசிரியர் தம் பாத்திரத்தின்பால் கொண்ட அன்பில் ஐயமில்லை. ஆனால் அவ்வன்பு வெளியில் நின்று நீளும் கையாகவே உள்ளது.

கதைக்கட்டமைப்பிலும் இதனைக் காணலாம். சுயம்பு படித்தவர், நல்ல குடும்பத்தவர், இறுதியில் தம் இனத்தார்க்கு வழிகாட்டியாக உயர்பவர். சீர்திருத்த நாவல்களின் தலைமைப் பாத்திரத்துக்குரிய தகுதிகள் யாவும் அவர்க்குத் தரப்பட்டுள்ளன. வாசகரின் இரக்கத்தைப் பெறுதற்கு இத்தகுதிகள் தேவை என ஆசிரியர் கருதியிருக்கலாம். படிக்காத, வழிகாட்டியாக உயராத ஒருவர்க்கு அவ்விரக்கம் கிடைக்குமா என்னும் வினாவை நாவல் எழுப்பவில்லை.

முன்னுரையிற் சுட்டிய வினைமுற்றுச் சிக்கல் இங்குத்தான் முழு உருக்கொள்கிறது. படர்க்கையில் இயங்கும் நாவலில் ஒவ்வொரு வினைமுற்றும் ஆசிரியரின் தீர்ப்பாகும். எது வரையில் னகர ஈறு, எது முதல் ளகர ஈறு என்பதை அவரே வகுத்தாக வேண்டும். உடை மாறும்போதா, பெயர் மாறும்போதா, உடல் மாறும்போதா? பாத்திரம் தன்னைப் பெண்ணென உணர்ந்த கணமும் கதைசொல்லி அதனை ஒப்புக்கொள்ளும் கணமும் வேறு வேறாக அமைவது தவிர்க்க முடியாதது. அவ்விடைவெளி சமுத்திரத்தின் தனிப்பட்ட குறையன்று; படர்க்கைக் கூற்று இப்பொருளுக்குத் தரும் எல்லை.

நான் வித்யா: தன்மைக் கூற்றின் விடுதலை

2007இல் கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட ‘நான் வித்யா’ இவ்வெல்லையைத் தலைப்பிலேயே கடக்கிறது. தன்மை இடப்பெயரும் தாம் ஏற்ற பெயரும் அருகருகே நிற்கும் இத்தலைப்பில் வினையே இல்லை. எனவே பிறர் தீர்ப்புக்கு இடமும் இல்லை.

தன்வரலாறு பிறப்பு, குலம், ஊர் என்னும் முறையில் தொடங்குவது நம் மரபு. வித்யாவின் நூல் அவ்வாறு தொடங்கவில்லை. கடப்பைக்கு அறுவைக்காகச் செல்லும் இரயில் பயணமே நூலின் தொடக்கம். திருநங்கையர் வழக்கில் ‘நிர்வாணம்’ எனப்படும் அவ்வறுவை, போதிய மருத்துவ வசதியின்றி நிகழ்ந்த முறையை நூல் மறைக்காமல் கூறுகிறது. குழந்தைப் பருவமும் தந்தையின் கண்டிப்பும் கல்வியும் அதன் பின்னரே வருகின்றன. தாம் பிறந்த நாள் எது என்பதை நூலாசிரியரே தீர்மானிக்கிறார் என்று இவ்வமைப்பைக் கொள்ளலாம். இதனைக் கவனியாமல், நூலாசிரியர் பற்றிய குறிப்பை அவருடைய பழைய பெயரிலிருந்து தொடங்கும் ஆய்வாளர், நூல் மறுத்த வரிசையை மீண்டும் நிறுவுகின்றனர். அப்பெயர் நூலில் உள்ளது என்பது அதனை நாம் கையாள்வதற்குப் போதிய காரணமாகாது.

வித்யா தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். நாடகத்தில் ஈடுபாடு கொண்டவர். அப்பட்டத்தோடு புனேயில் இரயில் பெட்டிகளில் ‘கடை கேட்ட’ காலத்தை அவர் எழுதும் பகுதிகள் நூலின் உயிர்நிலை. கையேந்துவதைக் ‘கடை கேட்டல்’ எனும் வழக்கு, கொடுப்பவரின் கருணையை நீக்கி, கேட்பவரின் உரிமையை முன்வைக்கும் சொல்லாட்சி. ஆயினும் வித்யா அச்சொல்லால் ஆறுதல் அடையவில்லை. உழைத்து ஊதியம் பெறும் வேலையையே அவர் வேண்டுகிறார். மதுரையில் அத்தகைய பணி கிடைத்ததும், பெயர் மாற்றத்துக்காக அலுவலகங்களோடு போராடியதும் நூலின் பிற்பகுதி. பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், வாழ்வில் ஒரு பெயர் என்னும் நிலையில் கற்ற கல்வி பயனற்றுப் போகிறது என்பதை இந்நூல் போல் தெளிவாகச் சொன்ன தமிழ் நூல் பிறிதொன்று இல்லை எனலாம்.

வெள்ளை மொழி: திரும்பத் திரும்ப வீடு நோக்கி

ரேவதியின் எழுத்து வாழ்வு பிறர் கதைகளைத் தொகுப்பதில் தொடங்கியது. 2005இல் வெளிவந்த ‘உணர்வும் உருவமும்’ பல திருநங்கையரின் வாழ்வனுபவங்களின் தொகுப்பாகும். பிறர் சொல்லக் கேட்டு எழுதிய பின்னரே அவர் தம் கதைக்கு வந்தார். அக்கதையும் ஒரு விந்தையான வழியில் வெளிவந்தது. தமிழில் எழுதப்பட்ட அதன் ஆங்கில வடிவம் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் முதலில் அச்சேறியது. தமிழ் நூல் ‘வெள்ளை மொழி’ என்னும் பெயரில் 2011இல் வந்தது. தமிழில் பிறந்த ஒரு நூல் தமிழ் வாசகரை இரண்டாவதாகவே அடைந்தது.

நாமக்கல் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்த ரேவதி டெல்லி, மும்பை, பெங்களூர் என அலைந்தவர். பெங்களூரில் பாலியல் சிறுபான்மையினர் உரிமைக்காக இயங்கும் ‘சங்கமா’ அமைப்பில் பணியாற்றியவர். வித்யாவின் நூல் வெளியேறுதலின் கதையென்றால் ரேவதியின் நூல் திரும்புதலின் கதை. தமையன்மாரிடம் அடிபட்ட வீட்டுக்கே அவர் மீண்டும் மீண்டும் வருகிறார். பெற்றோர்க்குப் பணம் தருகிறார். சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்கிறார். மகளாக ஏற்காத குடும்பம் அவர் தரும் பொருளை ஏற்கிறது. இதனைக் கசப்போடு கடந்து செல்லாமல், அக்குடும்பத்தின் மீதான பாசத்தையும் விடாமல் எழுதுவதே நூலின் வலிமை.

தலைப்பில் உள்ள ‘வெள்ளை’ என்னும் சொல் கள்ளமின்மையையும் அணியின்மையையும் குறிக்கும். நூலின் நடை அவ்விரு பொருளுக்கும் பொருந்துவது. பாலியல் தொழிலில் ஈடுபட்ட நாள்களையும், அதில் நேர்ந்த வன்முறையையும், காவலரிடம் பட்ட இழிவையும் கூறுமிடத்தும் குரல் உயர்வதில்லை. தமக்கும் காதலும் காமமும் உண்டு என்பதையும் அதே குரலில் கூறுகிறார். ‘வாடாமல்லி’யின் உருவக மொழிக்கும் இவ்வெள்ளை மொழிக்கும் உள்ள தொலைவே ஏறத்தாழ இருபதாண்டுகளில் தமிழ் எழுத்து கடந்த தொலைவு. உருவகம் வாசகரை ஆற்றுப்படுத்தும். வெள்ளை மொழி அவ்வுதவியைச் செய்வதில்லை.

இரு தன்வரலாறுகளும் ஒரே குரலில் பேசுவன அல்ல என்பதையும் இவண் சுட்ட வேண்டும். கையேந்துதலையும் பாலியல் தொழிலையும் வித்யா விலக்க விரும்புகிறார். ரேவதி அவற்றை வாழ்வின் பகுதியாக விளக்க முற்படுகிறார். ‘திருநங்கையர் வாழ்வியல்’ என ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் அடக்கும் ஆய்வுகள் இக்கருத்து முரணைக் காணத் தவறுகின்றன. ஒரு சமூகத்துள் கருத்து வேற்றுமை உண்டு என்பதை ஒப்புவதும் அச்சமூகத்தை மதிப்பதன் கூறேயாகும்.

ஜமாத்தின் உறவுச் சொற்கள்

இவ்விரு நூல்களும் தமிழ்ச் சொல்வளத்துக்குப் புதிய உறவுமுறை ஒன்றை அறிமுகம் செய்கின்றன. குரு, சேலா, நானி என்பன வடபுலத்திலிருந்து வந்த சொற்கள். குருவின் குரு நானி. அவர் பாட்டி முறை. ஒரே குருவின் சேலாக்கள் தமக்குள் உடன்பிறந்தார். ஒருவர் ஒரு குருவின் வீட்டில் முறைப்படி சேர்க்கப்பட்ட பின்னரே ஜமாத்தில் அவர்க்கு இடம் உண்டு. அதே வேளையில் தமிழ்த் திருநங்கையர் ‘அம்மா’, ‘மகள்’ என்னும் சொற்களாலும் தத்துறவை வழங்குகின்றனர். வடக்கிலிருந்து வந்த படிநிலையும் தமிழ் வீட்டின் தாய்மகள் உறவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

மொழியியல் நோக்கில் இன்னொன்றும் கருதத்தக்கது. இந்தியிலும் மராத்தியிலும் தன்மை வினைகளும் பல காலங்களில் பால் காட்டுவன. ‘நான் போனேன்’ என்பதற்கு ஆண் ஒரு வடிவமும் பெண் ஒரு வடிவமும் கூறியாக வேண்டும். அம்மொழிகளில் பெண் வினைமுற்றைத் தேர்ந்து பேசுவதே ஒருவர் தம் பாலை அறிவிக்கும் செயலாகும். டெல்லிக்கும் மும்பைக்கும் புனேக்கும் சென்ற தமிழ்த் திருநங்கையர், தாய்மொழி தராத அவ்வாய்ப்பையும் இடரையும் அங்குப் பெறுகின்றனர். தமிழின் தன்மைக் கூற்று பாலை மறைத்துக் காக்கிறது. இந்தியின் தன்மைக் கூற்று பாலை உரைக்க வைக்கிறது. இடப்பெயர்வு இந்நூல்களில் ஊர் மாற்றம் மட்டுமன்றி இலக்கண மாற்றமும் ஆகும். இக்கோணத்தில் விரிவான ஆய்வு செய்ய இடமுண்டு.

இந்திய மொழிச் சூழலில்

தமிழ் நூல்கள் தனித்து நிற்பன அல்ல. மலையாளத்தில் ஜெரீனாவின் தன்வரலாறு 2006இலும், மராத்தியில் இலட்சுமி நாராயண் திரிபாதியின் தன்வரலாறு 2012இலும் வெளிவந்தன. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் வந்த தமிழ் நூல்கள் எல்லை கடந்தும் பயணம் செய்தன. ‘நான் வித்யா’வைத் தழுவி பி. எஸ். லிங்கதேவரு இயக்கிய ‘நானு அவனல்ல... அவளு’ என்னும் கன்னடத் திரைப்படத்தில் நடித்த சஞ்சாரி விஜய், சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். அப்படத்தின் தலைப்பு ‘நான் அவனல்ல, அவள்’ எனப் பொருள்படுவது. தமிழ்த் தலைப்பு பெயரால் சொன்னதைக் கன்னடத் தலைப்பு படர்க்கைப் பெயர்களின் மறுப்பாலும் ஏற்பாலும் சொல்கிறது. ரேவதியின் நூலும் து. சரஸ்வதியின் மொழிபெயர்ப்பில் கன்னடத்துக்குச் சென்று மேடையேறியது, தமிழில் அ. மங்கையின் நெறியாள்கையில் ரேவதி தாமே ‘வெள்ளை மொழி’யை நிகழ்த்தினார். மணிமேகலையின் தெருவில் காணப்படும் பொருளாக இருந்தவர், இம்மேடையில் தம் கதையைத் தாமே ஆற்றுவோராக நிற்பது எண்ணத்தக்கது.

சொல்லும் சட்டமும்

இக்காலப் பகுதியில் பெயர்ச்சொற்களும் மாறின. கூவாகத்தில் அரவானை மணந்து மறுநாள் தாலியறுக்கும் சடங்கின் வழிப் பிறந்த ‘அரவாணி’ என்னும் சொல், வசைச் சொற்களுக்கு மாற்றாக வந்தது. 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அமைத்த நலவாரியமும் தொடக்கத்தில் அப்பெயரையே தாங்கியது. பின்னர்ச் சடங்குச் சார்பற்ற ‘திருநங்கை’ நிலைபெற்றது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தம் பாலைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றத்தின் முயற்சியால், இச்சமூகத்தினரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் தொகுதி 2022இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. சொற்பொருள் ஆய்வு நீதிமன்றத்தில் நிகழ்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அதற்குரிய இடமாகிய தமிழ்த்துறைகள் என் செய்தன என்னும் வினா எழுவது இயல்பு.

விடுபட்ட குரல்கள்

தன்வரலாறும் முழு உண்மையன்று. எழுதும் ‘நான்’ நினைவால் தேர்ந்தெடுக்கப்பட்டது. பதிப்பகமும் இயக்கமும் வாசக எதிர்பார்ப்பும் அதனை வடிவமைக்கின்றன. துன்பக் கதையையே வாசகர் எதிர்பார்க்கும்போது மகிழ்ச்சியும் நகையும் ஒதுங்கிவிடக்கூடும். மேலும், திருநங்கையர் பெற்ற அளவு இலக்கிய இடத்தைத் திருநம்பியரோ, தன்பாலை விரும்பும் பெண்டிரோ ஆடவரோ தமிழில் இன்னும் பெறவில்லை. 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் ஒப்புதலுடன் கூடிய தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. திருநங்கையர்க்குப் புராணமும் இலக்கணமும் விழாவும் துணைநின்றன. அத்துணை இல்லாதவர் என் செய்வர்? மரபில் சான்று இருந்தால்தான் மதிப்போம் என்னும் நம் ஆய்வு மனப்பான்மை இவ்விடத்தில் அநீதியாகிவிடுகிறது. தொல்காப்பியம் கூறாவிடினும் ஒருவர் உயர்திணையே.

முடிவுரை

‘வாடாமல்லி’ கதவைத் திறந்தது. பிற இரு நூல்களும் அக்கதவின் வழி உள்ளிருந்து வெளிவந்தன. படர்க்கையிலிருந்து தன்மைக்கு நகர்ந்த இம்மாற்றம் கூற்று உத்தியின் மாற்றம் மட்டுமன்று. யார் யாரைப் பற்றிப் பேசலாம் என்னும் உரிமையின் மாற்றம். இனி இந்நூல்களைப் பாடமாக வைப்பதும் ஆய்வுப் பட்டங்களுக்குப் பொருளாகக் கொள்வதும் மட்டும் போதுமானவை அல்ல. ஆய்வேட்டில் அவர்களைச் சுட்டும் ஒவ்வொரு வினைமுற்றும் அவர்கள் ஏற்ற பாலில் அமைதல் வேண்டும். அவர்கள் துறந்த பெயர் நம் எழுத்தில் மீளாதிருத்தல் வேண்டும். தமிழ் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் கற்ற ஒருவர் அப்பட்டத்தோடு இரயிலில் கையேந்தினார் என்பது நம் துறைகளின் வரலாற்றிலும் ஒரு பகுதியே. அடுத்து வருபவர் மாணவராக வகுப்பறையில் அமரும்போது, வருகைப் பதிவேட்டில் எப்பெயர் அழைக்கப்படும் என்பதற்கு நாம் தரும் விடையே இந்நூல்களுக்கு நாம் எழுதும் மெய்யான உரையாகும்.